கேக் ஃப்ரிட்ஜில் எட்டு ஓட்டைகள்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: என் பேக்கரிக் கடைக்குள் பாம்பு இருந்ததே கிடையாது. எங்கள் ஊர் பாலரட்டில் பாதிப் பேர் இன்னமும் என் கேக் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டுத்தான், கறியும் கிழங்கும் மாவில் மடித்துச் சுட்ட பேஸ்டியைக் கேட்கிறார்கள். போன வாரம்கூட ஒரு அம்மாள் வந்து, "கிளெனிஸ், அந்த மலைப்பாம்பு இதுக்குள்ளதானே படுத்திருந்துச்சு?" என்றாள்.

"அது பழைய ஃப்ரிட்ஜ். இது புதுசு. உனக்குப் பேஸ்டி வேணுமா, பாம்புக் கதை வேணுமா?"

"ரெண்டும்தான்," என்றாள்.

அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் மாவு பிசையப் போகலாம்.

பாம்பு குடியிருப்பது என் பழைய கேக் ஃப்ரிட்ஜில், அதுவும் அந்த ஃப்ரிட்ஜ் செத்து, கடையை விட்டுப் போய், டெஸ் ட்ரெகாஸ்கிஸ் வீட்டு முன்னறையில் உட்கார்ந்த பிறகு. டெஸ்ஸைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் குறைவு. பதினாறு வயதில் குளிர்சாதன வேலைக்கு வந்தவர், அறுபதில்தான் ஸ்பானரைக் கீழே வைத்தார். கறிக்கடை, பால் பண்ணை, ஆஸ்பத்திரிச் சமையலறை, என் கடை, எல்லா இடத்துக் குளிரும் அவர் கைவேலைதான். பழுதான ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்து, "என்ன கண்ணு, என்ன உடம்புக்கு?" என்று கேட்பார். எல்லாரும் அவருக்குக் கண்ணுதான். ஃப்ரிட்ஜும் கண்ணு, நானும் கண்ணு, அபராதச் சீட்டு ஒட்ட வந்த நகரசபை ஆளும் கண்ணு.

தொழிலில் அவருக்கு இரண்டே இரண்டு எதிரிகள். ஒன்று ஒழுகல், இன்னொன்று ஈரம். கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க, என் கல்லா மெஷினிலிருந்து ஒரு துண்டு ரசீதுத் தாளைக் கிழித்துக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுப்பார். தாள் வந்துவிட்டால் ரப்பரை மாற்றாமல் வீட்டுக்குப் போகமாட்டார். கிழிந்தாலும் கிழியட்டும், வரக்கூடாது. அப்படி ஒரு பிடிவாதம்.

அவருடைய கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாற்பத்து நான்கு வருடம் குளிர் அறைகளில் கிடந்த கை, கோடையிலும் ஐஸ். அவரோடு கைகுலுக்குகிறவர்கள் "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொள்வார்கள். தங்கை பிள்ளைகளைத் தூக்கினால் அவை வீறிட்டு அழும். மனைவி கார்மெல் வெயில் வேண்டும் என்று வடக்கே குயின்ஸ்லாந்துக்குப் போய் இருபது வருடம் ஆகிறது. அவளை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் கை பக்கத்தில் கிடந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? ஆனால் மனுஷன் அதற்கப்புறம் எல்லாரிடமும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் பத்து மணிக்கு வந்து என் கேக் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்வார். ஒரு பேஸ்டி, கொஞ்சம் தக்காளி சாஸ், பெரிய குவளையில் டீ. பேச்சு கிடையாது. ஃப்ரிட்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அவளுக்கு மூச்சு வாங்குது, கண்ணு."

"உனக்கு வேற வேலையே இல்லையாய்யா?"

"இல்லையே," என்பார். அவ்வளவு நேர்மையாகச் சொன்னால் மேற்கொண்டு எப்படித் திட்டுவது?

மார்ச் மாதம் பெகோனியாப் பூ விழாவில் நான் போட்டிருந்த பேஸ்டிக் கடைக்குப் பக்கத்தில் ஊர்வன வளர்ப்போர் சங்கத்தின் கூடாரம் போட்டிருந்தார்கள். அதை நடத்துகிறவள் வெஸ்னா. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், குரல் ஹாரன் மாதிரி இருக்கும். வளர்த்தவர்கள் கைவிட்ட பாம்பு, ஓணான், ஆமைகளுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுப்பதுதான் அவளுடைய மற்ற நேரத்து வேலை. அன்றைக்கு அவளிடம் மேவிஸ் என்ற கார்ப்பெட் மலைப்பாம்பு இருந்தது. இரண்டு மீட்டர் நீளம், மேலெல்லாம் கம்பளம் மாதிரி மஞ்சளும் கறுப்பும்.

"பிடிச்சுப் பாக்குறீங்களா?" என்று டெஸ்ஸைக் கேட்டாள்.

"என் கை ஆகாதும்மா. ஐஸா இருக்கும்."

"அதை அவ சொல்லட்டும்."

மேவிஸைத் தூக்கி அவர் கையில் விட்டாள். பாம்பு மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றியது. உள்ளங்கையில் தலையை வைத்தது. அப்படியே கிடந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், முக்கால் மணி நேரம். நான் கொடுத்த பேஸ்டி ஆறிப்போனது, மனுஷன் அசையவில்லை.

"கிளெனிஸ், இவ விலகிப் போகல பாரு," என்றார். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி மேஜையைத் துடைத்தேன். சுத்தமான மேஜையை மறுபடி மறுபடி துடைத்தேன்.

அவருக்கு மேவிஸ் வேண்டும். பாம்பு வளர்க்க லைசென்ஸ் வாங்கினார், புத்தகம் வாங்கினார், வெஸ்னா வீட்டுக்கு வாரம் இரண்டு தரம் நடந்தார். வெஸ்னா சுலபத்தில் மசிகிறவள் இல்லை. மேவிஸை முன்பு வளர்த்தவர் வெறும் கண்ணாடித் தொட்டியில், எரியும் விளக்குக்கு அடியில் வைத்திருந்தாராம். காற்று காய்ந்துபோய், போன தடவை சட்டை உரித்தபோது கந்தல் கந்தலாக வந்திருக்கிறது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற தோலும் சட்டையோடு சேர்ந்து கழல வேண்டும். இரண்டு கண்ணிலும் அது ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வெஸ்னா ஈரத் துணியும் கையுமாக மூன்று நாள் உட்கார்ந்து எடுத்தாளாம்.

"மே கடைசியில கொண்டாந்து விடுறேன். சோதனைக்குத்தான். அடுத்த சட்டை ஒரே துண்டா வரணும், ரெண்டு கண்ணுத் தோலும் அதுல இருக்கணும். இல்லைன்னா ஜீலாங்ல ஒரு டீச்சர் காத்துட்டிருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துடுவேன். அழுதாலும் குடுத்துடுவேன்."

"அழமாட்டேன்," என்றார் டெஸ். அழுவார் என்பது எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் என் கேக் ஃப்ரிட்ஜின் மூச்சு நின்றது. குப்பைக்குப் போட ஆள் கூப்பிடப் போனேன், குறுக்கே வந்து நின்றார். "கண்ணு, ஒன்றரை மீட்டர் நீளம், ரெட்டைக் கண்ணாடி, சுவருக்குள்ள பஞ்சு மாதிரி காப்பு. குளிரை உள்ள வச்ச பெட்டி சூட்டை உள்ள வைக்காதா?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பேரைக் கூட்டிவந்து தள்ளுவண்டியில் ஏற்றி, நடுத்தெருவில் தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ஊர்ப் பேச்சு.

திங்கட்கிழமை எனக்குக் கடை விடுமுறை. சாமான் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செல்லப்பிராணிக் கடைக்காரர் கழுத்தில் பல்லி பச்சை குத்திய பெரிய மனுஷன். முதலில் சூட்டுக்கல் ஒன்றை எடுத்து வைத்தார், கரண்டில் சூடாகும் கல்.

"இதுக்குச் சூடு ஏறினா நிறுத்துற தெர்மோஸ்டாட் எங்க?"

"தேவையில்லைங்க, சொருகினாப் போதும்."

"அப்ப எனக்கும் இது தேவையில்ல. மேல வயித்த வச்சுப் படுப்பா. சுடுதுன்னு உறைக்கிறதுக்குள்ள வெந்துபோயிருப்பா."

அடுத்து விளக்கு வந்தது. ராத்திரியும் பகலும் எரிந்தால் பாம்பு எப்போது தூங்கும் என்று கேட்டுத் தள்ளி வைத்தார். வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு வந்தது. அதில் மனம் கொஞ்சம் ஆடியது, ஆனால் காற்றை உலர்த்திவிடும் என்று அதையும் விட்டார். கடைசியாகக் கூரையில் திருகிவைக்கிற தட்டையான சூட்டுத் தகடு. அதை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பி, பின்பக்க எழுத்தையெல்லாம் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார். பாம்பு சுற்றிப் பிடிக்க இதில் எதுவும் இல்லை, மேலேயிருந்து வெயில் மாதிரி இதமாக இறங்கும். சரி. அதோடு ஒரு நல்ல தெர்மோஸ்டாட். அதன் உணர்கம்பி எத்தனை நொடிக்கொரு தரம் சூட்டைப் பார்க்கும், அறுந்தால் சூடு நிற்குமா ஓடுமா என்று அரைமணி நேரம் குடைந்தார். கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அந்த ஆள் ஒரு தப்பு செய்தார். ஈரத்துக்காகப் பனிமூட்டம் விடுகிற கருவியைச் சொருகிக் காட்டினார். வெள்ளையாகப் புகை பொங்கி மேஜையில் வழிந்தது. டெஸ் இரண்டடி பின்னால் தாவினார்.

"நிறுத்து! நிறுத்துப்பா! பெட்டி முழுக்கத் தண்ணியா?"

"பாம்புக்கு ஈரம் வேணும்தானே சார்..."

"தண்ணிக் கிண்ணம் போதும். பெரிய கிண்ணமா வைக்கிறேன்."

ஈரம் காட்டும் மீட்டர் மட்டும் இரண்டு வாங்கினார். இரண்டையும் நம்பவில்லை. என் கடைக்கு வந்து ஒரு மூடியில் உப்பு கேட்டு வாங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டர்களோடு சேர்த்து டப்பாவில் போட்டு இறுக்கி மூடினார். ஈர உப்போடு அடைத்த காற்றில் மீட்டர் எழுபத்தைந்து சதவீத ஈரம் காட்ட வேண்டுமாம். மறுநாள் ஒன்று எழுபத்தைந்து காட்டியது, இன்னொன்று அறுபத்தொன்று. பொய் சொன்னதைத் தூக்கிக்கொண்டு பல்லிக்காரரிடம் திரும்பவும் போனார். அந்த மனுஷனுக்காக எனக்குப் பரிதாபமாக இருந்தது.

மேவிஸ் வந்தாள். சூட்டுப் பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தைந்து, ஒரு முடி பிசகவில்லை. டெஸ் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, கதவு இடுக்கில் ரசீதுத் தாளை வைத்து இழுத்துக் காட்டினார். தாள் வரவில்லை. பழைய மோட்டார்க் குழாய் போன வழி, ஒயர் போன வழி, ஆணி போன வழி, எல்லாவற்றையும் பசை வைத்து அடைத்திருந்தார். "ஒரு எறும்பு மூச்சு விட்டாக்கூட வெளிய போகாது, கண்ணு!" என்று பூரித்துப் போனார். மேவிஸுக்குத் தீனியான செத்த எலிகளை என் ஃப்ரீசரில் வைக்கலாமா என்றும் அன்றைக்குத்தான் கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஆறாம் நாள் கண்ணாடி வியர்த்தது. மீட்டர் தொண்ணூற்றொன்று. கூரையிலிருந்து சொட்டுகிறது. மேவிஸ் கதவோரம் தலையைத் தூக்கிவைத்துக்கொண்டு கிடந்தாள். போனில் வெஸ்னாவின் ஹாரன் அடித்தது: "நனைஞ்சு கிடந்தா நெஞ்சுல சளி கட்டும் டெஸ்! காத்து போகுதா, இல்லையா?"

டெஸ் கிண்ணத்தை எடுத்தார், துடைத்தார், கதவைத் திறந்து வைத்தார். ஜூன் எங்கள் ஊரில் குளிர்காலம், அறையில் விறகுக் கணப்பு எரியும். அது காற்றை உறிஞ்சிவிடும். மீட்டர் முப்பதுக்கு இறங்கியது. கதவை மூடினார், மறுபடி தொண்ணூறு. திறந்தார், முப்பது. இப்படி ஒரு வாரம். பத்து மணிக்குக் கடைக்கு வருவதும் நின்றது.

அடுத்த திங்கட்கிழமை நானே போனேன். முகம் சவரம் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேவிஸின் கண் பால் ஊற்றினது போல வெளுத்திருந்தது. சட்டை உரிக்கப் போகிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அடுத்த ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு வெஸ்னா வரா," என்றார். "இவளைக் கொண்டுபோகப் பையும் கொண்டு வருவா. அந்த டீச்சர் வீட்டுல எல்லாம் சரியா இருக்குமாம்."

"ஓட்டை போடுய்யா."

"என்னது?"

"பெட்டியில ஓட்டை. காத்து போகட்டும்."

எழுந்தே விட்டார். "நாப்பத்து நாலு வருஷமா ஓட்டையை அடைச்சவன்டி நான்! நல்ல ஃப்ரிட்ஜுல நானே ஓட்டை போடணுமா? ரப்பர் எப்படி இருக்கு பாத்தியா? ஒரு தாள்கூட..."

"தாளைப் பத்திப் பேசினே, உன்னைக் கொன்னுடுவேன்! என் பேஸ்டியை எத்தனை வருஷமாத் தின்கிற? முப்பதா? அது மேல கத்தியால ஒரு கீறல் இருக்குமே, அழகுக்குன்னா நெனச்சே? கீறாம அடுப்புல வச்சா ஆவி உள்ளயே சுத்தி, மாவு கொழகொழன்னு ஆயிடும். பெருசாக் கீறினா உள்ள காஞ்சு கருகும். சின்னதா, அளவா. அவ்வளவுதான். இது ஒரு பெரிய வித்தையாய்யா, இதுக்குப் போய் ரெண்டு வாரமா முழிக்கிறே!"

ரப்பர் ஓரத்தை விரலால் தடவினார். நான் கொட்டகைக்குப் போய் அவருடைய துளைக்கருவியை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். "நீ போடுறியா, நான் போடட்டுமா? நான் போட்டா கோணலாத்தான் வரும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. கோணல் என்றால் மனுஷனுக்கு ஆகாது. மேவிஸைத் தலையணை உறைக்குள் விட்டு என் மடியில் வைத்தார், கனமாக இருந்தாள், நான் கத்தவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குளிர்ந்த பக்கத்தில் கீழே நான்கு புள்ளி, சூடான பக்கத்தில் மேலே நான்கு புள்ளி. அளந்து, மறுபடி அளந்து, துளைக்கருவியைத் தூக்கினார். "மன்னிச்சுக்கோ கண்ணு," என்று ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிட்டு அழுத்தினார்.

எட்டு ஓட்டைக்கும் கம்பிவலை வைத்தார். பிறகு பழக்க தோஷம், பையிலிருந்து ரசீதுத் துண்டை எடுத்து மேல் ஓட்டைக்கு முன்னால் பிடித்தார். தாள் மெதுவாக ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கிண்ணத்தைத் திரும்ப உள்ளே வைத்தோம். என் கடைக்குக் கஸ்டர்ட் வந்த காலி வாளி ஒன்றில் பக்கவாட்டில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த பாசியை நிரப்பி, உரிக்கும் நேரத்தில் ஒளிந்துகொள்ள ஓர் ஈர அறையும் செய்துகொடுத்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, நான் அடுப்பில் தட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. "அம்பத்தெட்டு," என்றார், வைத்துவிட்டார். அதற்கடுத்த நாள், "அம்பத்தேழு." அடுத்த நாள், "அம்பத்தெட்டு." ஈர மீட்டர் ஆடாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம், வேறு ஒரு வார்த்தை கிடையாது. எட்டாம் நாள் மட்டும், "அம்பத்தெட்டு. கண்ணு தெளிஞ்சிடுச்சு," என்றார். கண்ணில் அந்தப் பால் கலைந்தால் சில நாளில் சட்டை கழல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, சட்டை கழலவில்லை. நான் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு ஒரு தட்டுப் பேஸ்டியோடு டெஸ் வீட்டுக்குப் போயிருந்தேன்; வெஸ்னா பதினொரு மணிக்கே வந்துவிட்டாள், தோளில் துணிப்பை. டெஸ் புதுச் சட்டை போட்டு, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். வெஸ்னா மீட்டரைப் பார்த்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், ஓட்டைகளைக் குனிந்து பார்த்தாள்.

"இதை யாரு சொன்னது?"

"பேஸ்டி," என்றார் டெஸ். வெஸ்னா என்னைப் பார்த்தாள். நான் டீ போடப் போனேன்.

ஒரு மணி ஆயிற்று. வெஸ்னா இரண்டு பேஸ்டி சாப்பிட்டாள். மேவிஸ் வாளிக்குள்ளேயே கிடந்தாள். அந்தத் துணிப்பையைத் தூக்கிக் கணப்பில் போடலாமா என்றுகூட யோசித்தேன். ஒன்றரைக்கு வெஸ்னா கடிகாரத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"உஷ்," என்றார் டெஸ்.

வாளி வாசலில் மூக்கு வந்தது. விளிம்பில் தேய்த்தது. உதட்டோரம் வெள்ளையாக ஒன்று சுருண்டு பின்னால் மடிந்தது. காலிலிருந்து காலுறை கழற்றுகிற மாதிரி, உள்பக்கம் வெளியே வர, அவள் ஊர்ந்து வந்தாள். தலை, கழுத்து, அப்புறம் அந்த நீள உடம்பு. மஞ்சள் இவ்வளவு மஞ்சளாக இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வால் நுனி வெளியே வந்தபோது சட்டை பாசியிலிருந்து கிண்ணம் வரைக்கும் ஒரே துண்டாகக் கிடந்தது.

வெஸ்னா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தலைப்பக்கத்தைப் பிடித்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"சொல்லித் தொலையேன்டி!" என்று கத்திவிட்டேன்.

"ஒண்ணு," என்றாள். தலையைத் திருப்பினாள். "ரெண்டு. ரெண்டு கண்ணும் இருக்கு."

நான் டெஸ்ஸின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அழமாட்டேன் என்று சொன்ன மனுஷன் அழுதுகொண்டே பெட்டிக்குள் கைவிட்டார். சூட்டுத் தகட்டுக்கு அடியில் போய்ப் படுத்திருந்த மேவிஸ், கை வந்ததும் ஏறி, மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையில் தலையை வைத்துக்கொண்டாள். வெஸ்னா துணிப்பையை நான்காக மடித்தாள், கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து வைத்தாள். டெஸ் இடது கையால் போட்டு முடித்து, கொஞ்ச நேரம் கழித்து மேவிஸை இறக்கி உள்ளே விட்டார்.

"அவ உங்ககிட்டயே இருக்கட்டும் டெஸ்," என்று வெஸ்னா கையை நீட்டினாள்.

அவர் தயங்கினார். பிறகு மேவிஸ் சுற்றியிருந்த அந்த வலது கையை நீட்டினார். நான் "ஸ்ஸ்" சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெஸ்னா நன்றாகக் குலுக்கிவிட்டு, போகிற போக்கில் இன்னொரு பேஸ்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கதவு மூடியதும் நான் போய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன கண்ணு, கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறே?"

"ஒண்ணுமில்ல. பேஸ்டி ஆறுது, தின்னு," என்றேன். கையை உடனே விட்டுவிடவும் இல்லை.